சம்பளம் ஏறுனா ஈஎஸ்ஐ போயிரும்னா அது என்னங்க நியாயம்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு கார்டு போடுற முகாம்ல ஜனங்க வரிசைல நிக்கிற போட்டோ உங்க பேப்பர்ல வந்திருந்துச்சு, நல்ல விஷயம்தான், ஆனா அந்த வரிசைல நிக்கிறவங்க எத்தனை பேரோட வருமானம் நெசமாவே அந்தத் திட்டத்துக்கு வெச்ச வரம்பான வருஷம் 1,20,000-க்குள்ள இருக்கும்னு யாராச்சும் ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாத்திருப்பாங்களான்னு தெரியல. நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி ஆபீஸ்ல சம்பளக் கணக்கு, ஈஎஸ்ஐ (தொழிலாளியும் கம்பெனியும் சேந்து பணம் கட்டுற அரசாங்க மருத்துவக் காப்பீடு), பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பாக்குற வேலைல இருக்கேங்க. மாசா மாசம் 15-ம் தேதிக்குள்ள ஈஎஸ்ஐ பணம் கட்டியாகணும்னு உக்காந்து லிஸ்ட் போடுறவ, அதனால இந்த விஷயத்துல யாரு உள்ள இருக்காங்க யாரு வெளிய நிக்கிறாங்கன்னு பேரு பேரா தெரியும். தலைவருங்க மேடைல பேசுற கணக்குக்கும் என் கம்ப்யூட்டர்ல இருக்குற கணக்குக்கும் ஒட்டவே ஒட்டாதுங்க, அதான் எழுதறேன்.

1,20,000-ன்னா மாசத்துக்கு 10,000. அதுவும் ஒருத்தரோட வருமானம் இல்ல, குடும்பத்துக்கே. மாசம் 26 நாள் வேலைன்னு வெச்சா ஒரு நாளைக்கு 384 ரூபா சொச்சம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் வேலைக்குப் போனா ஆளுக்கு 192 ரூபா. இந்தக் கூலிக்கு திருப்பூர்ல யாருங்க வேலைக்கு வருவா? ஒரு ஆள் 500 ரூபா கூலிக்கு 26 நாள் போனாலே வருஷத்துக்கு 1,56,000 ஆயிருது, அவரு ஒருத்தரே வரம்பைத் தாண்டிட்டாரு, அவரு சம்சாரம் செக்கிங்ல உக்காந்து சம்பாதிக்கிறதை இன்னும் கணக்குலயே சேக்கல. அந்தக் காசுல வாடகை, கரண்டு, புள்ளைங்க ஸ்கூல் ஃபீஸ், வாரக் கடைசில குழுவுக்கு கட்டுற தவணை எல்லாம் போக என்ன மிஞ்சும்னு நான் சொல்லணுமா, ஆனா கவர்மெண்டு கணக்குப்படி இவங்க வசதியானவங்க.

அப்புறம் எப்படி எல்லார் கையிலயும் கார்டு இருக்குன்னு கேப்பீங்க. அது ஊருக்கே தெரிஞ்ச ரகசியம்ங்க. இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி வருமானச் சான்றிதழுக்கு அப்ளை பண்ணா விஏஓ, ஆர்ஐ, தாசில்தார்னு போயி வரும்போது அதுல 72,000, இல்லாட்டி 84,000, கொஞ்சம் தாராளமா போட்டா 96,000-ன்னு இருக்கும். வாங்குறவருக்கும் தெரியும், குடுக்குறவருக்கும் தெரியும், அதை வாங்கி ஃபைல்ல வெக்கிறவருக்கும் தெரியும். 72,000-ங்குற நம்பர் எங்கிருந்து வந்துச்சுன்னா 2009 ஜூலைல கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஆரம்பிச்சப்போ வெச்ச வரம்பு அது, 2012 ஜனவரில அம்மா ஆட்சில திட்டத்தை மாத்தி புதுசா கொண்டுவந்தப்பவும் அதே 72,000-தான், 2022 ஜனவரிலதான் 1,20,000-ஆ ஏத்துனாங்க. பன்னெண்டு வருஷத்துக்கு மேல ஒரே நம்பர். ஜனங்களுக்கு அது அப்படியே பழகிப்போச்சு, இன்னிக்கும் எவ்வளவுங்க போடட்டும்னு இ-சேவை பையன் கேட்டா 72 போடுப்பான்னுதான் சொல்றாங்க.

விஏஓவைக் குத்தம் சொல்ல மாட்டேங்க, அவரு நெசமான நம்பரைப் போட்டா அந்தக் குடும்பத்துக்கு ஆபத்துன்னா ஒண்ணும் கிடைக்காது, அவரும் அதே ஊர்ல நடமாடணும்ல. நான் கேக்குறது வேற. ஒரு திட்டம் ஓடணும்னா லட்சக்கணக்கான ஜனங்க பொய்யெழுதி வாங்கணும்னு இருந்தா, அந்த பொய்யை எழுதத் தெரியாதவங்க, எழுதப் பயப்படுறவங்க, ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்க ஒரு நாள் கூலிய விட முடியாதவங்க, இவங்கதான வெளிய நிக்கிறாங்க? உள்ளதுலயே ரொம்பக் கஷ்டப்படுறது அவங்கதாங்க. சிலோன்ல இருந்து வந்து முகாம்ல இருக்குற தமிழ் குடும்பங்களுக்கு இந்தத் திட்டத்துல வருமான வரம்பே கிடையாது, ரொம்ப நியாயம். 2009-ல ஆரம்பிச்சப்போ அமைப்புசாரா நல வாரியத்துல உறுப்பினரா இருக்கவங்களையும் சேத்துதான் ஆரம்பிச்சாங்க. அப்போ நல வாரிய கார்டு இருந்தா போதும், சான்றிதழ் வேண்டாம்னு சொல்றதுக்கு என்ன தடை?

சரி, காப்பீட்டுக் கார்டு கிடைச்சிருச்சுன்னே வெச்சுக்குவோம். அது பிரயோஜனம் இல்லாததுன்னு நான் சொல்லல, அப்படி சொன்னா வாய் அழுகிப்போகும். 5 லட்சம் வரைக்கும் ஹார்ட் ஆபரேஷன், கேன்சர், டயாலிசிஸ்னு எத்தனையோ உசுரைக் காப்பாத்துன கார்டு அது. எங்க தெருவுலயே ரெண்டு பேரு ஸ்டென்ட் வெச்சுட்டு நடமாடிட்டு இருக்காங்க. 2022-ல புது ஒப்பந்தம் போட்டப்போ ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 849 ரூபா பிரீமியம்னு அரசாங்கமே கட்டுது, 1 கோடியே 37 லட்சம் குடும்பம். இந்தியாவுல வேற பல மாநிலம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல இது ஓடிட்டு இருந்துச்சுங்குறதுல எனக்கும் பெருமைதான் (ஆந்திராவுல ராஜசேகர ரெட்டி முன்னாடியே ஆரம்பிச்சாருன்னு யாராச்சும் கிளம்பி வருவாங்க, சரிங்க, ஒத்துக்கறேன்).

ஆனா ஒரு தொழிலாளி ஆஸ்பத்திரில படுத்தா செலவு ஆபரேஷன் மட்டும் இல்லீங்க. எங்க கம்பெனில செக்கிங்ல இருக்குற ஒரு அக்காவுக்கு கர்ப்பப்பை எடுக்குற ஆபரேஷன். அதே மாசம் பக்கத்துல ஒரு பவர்டேபிள் யூனிட்ல (பெரிய கம்பெனிக்கு தைச்சுக் குடுக்குற சின்ன இடம்) வேலை பாக்குற அவங்க தங்கச்சி முறை ஆகுறவங்களுக்கும் அதே ஆபரேஷன். தங்கச்சிக்கு காப்பீட்டுக் கார்டு இருந்துச்சு, ஆபரேஷனுக்கு காசு கேக்கல, ஆனா அட்மிட் பண்றதுக்கு முன்னாடி எடுத்த ஸ்கேனு, வெளிய எழுதிக் குடுத்த மாத்திரைனு ஒரு தனியார் ஆஸ்பத்திரில (பேரு வேண்டாம்ங்க) கொஞ்சம் காசு கைல இருந்து போச்சு, அதை விடுங்க, ஆறு வாரம் குனியக் கூடாது, வெயிட்டு தூக்கக் கூடாது, மெஷின்ல உக்காரக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. ஆறு வாரம் சம்பளம் சுத்தமா இல்ல. சனிக்கிழமை சம்பளத்தை நம்பி ஓடுற குடும்பம், மூணாவது வாரமே வட்டிக்கு வாங்கிட்டாங்க, அஞ்சாவது வாரம் டாக்டரு சொன்னதை மீறி வேலைக்குப் போயிட்டாங்க.

அக்காவுக்கு ஈஎஸ்ஐ இருந்துச்சு. ஆபரேஷன் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரில. டாக்டரு எழுதிக் குடுத்த சர்டிஃபிகேட்டை வெச்சு சிக் லீவ் பணத்துக்கு நானே அப்ளை பண்ணிக் குடுத்தேன். கூலில 70%, வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு. நாளைக்கு 600 ரூபா கூலின்னா 420 ரூபா, ஆறு வாரத்துக்கு 42 நாள், முதல் ரெண்டு நாளுக்கு கிடையாது, மீதி 40 நாளுக்கு கணக்குப் போட்டுப் பாருங்க, 16,800 ரூபா. முழுச் சம்பளம் இல்லதான், ஆனா வட்டிக்காரரு வாசப்படி ஏறல. டிபி, கேன்சர், கிட்னி மாதிரி 34 பெரிய வியாதிக்கு 80%, ரெண்டு வருஷம் வரைக்கும் குடுக்கலாம்னும் சட்டத்துல இருக்கு. பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளம். காய்ச்சல், சளி, சுகர் மாத்திரைல இருந்து எல்லாம் இதுலயே வரும், 5 லட்சம்னு உச்ச வரம்பு கிடையாது. காப்பீட்டுக் கார்டுல காய்ச்சலுக்கு ஊசி போட முடியுமா? அட்மிட் ஆகணும், லிஸ்ட்ல இருக்குற சிகிச்சையா இருக்கணும்.

அதனாலதான் சொல்றேன், கூலித் தொழிலாளிக்கு நெசமான இன்சூரன்ஸ்னா அது ஈஎஸ்ஐதான். அந்த ஈஎஸ்ஐல இருந்துதான் ஆளுங்களை ஒவ்வொரு ஆறு மாசத்துக்கும் கொத்துக் கொத்தா வெளிய அனுப்பிட்டு இருக்கோம்.

மாசச் சம்பளம் 21,000-க்கு மேல போனா ஈஎஸ்ஐ கிடையாது. இந்த 21,000 எப்போ வெச்சதுன்னா 2017 ஜனவரி 1. அதுக்கு முன்னாடி 2010-ல இருந்து 15,000. 2017-ல 21,000 வாங்குனவரு லைன் இன்சார்ஜ், மாஸ்டர் அந்த லெவல்ல இருந்தாரு. இன்னிக்கு பீஸ் ரேட்டுல (ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி) பேட்லாக் மெஷின் ஓட்டுற கை வேகமான டெய்லரு நல்ல ஆர்டர் ஓடுற மாசத்துல அந்த நம்பரைத் தொட்டுர்றாரு. விலைவாசி ஏறுது, கூலி ஒப்பந்தம் போட்டு கூலி ஏறுது, இந்த ஒரு நம்பர் மட்டும் அடிச்சு வெச்ச ஆணி மாதிரி அசையாம நிக்குது. ஏத்தப்போறாங்க ஏத்தப்போறாங்கன்னு வருஷா வருஷம் பேச்சு அடிபடும், ஒவ்வொரு தடவையும் எங்க சூப்பர்வைசருங்க வந்து வந்துருச்சாம்ங்களே மேடம்னு கேப்பாங்க, நானும் இன்னும் இல்லீங்கன்னு சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு.

எங்க கம்பெனி சூப்பர்வைசர் ஒருத்தரு, 20,500 வாங்கிட்டு இருந்தாரு. மே மாசம் ஓனரு சந்தோஷப்பட்டு 1,300 ஏத்தி 21,800 ஆக்குனாரு. மனுசன் ஸ்வீட் எல்லாம் வாங்கிக் குடுத்தாரு. ஒரு வாரம் கழிச்சு என் டேபிள் முன்னாடி வந்து நிக்கிறாரு, மேடம் இந்த இன்க்ரிமெண்ட்ட கேன்சல் பண்ணிருங்க, பழைய சம்பளமே போடுங்கன்னு. என்னங்கண்ணா வெளாடுறீங்களான்னு கேட்டா, அவங்கப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ், ஈஎஸ்ஐல ரெஃபரல் லெட்டர் வாங்கி தனியார் ஆஸ்பத்திரில காசில்லாம ஓடிட்டு இருக்கு. 1,300 ரூபாயை வாங்குனா அப்பாவோட டயாலிசிஸ் போயிரும். அவரு கட்டிட்டு இருந்தது மாசம் 154 ரூபா, கம்பெனி கட்டுனது 667 ரூபா, அவ்வளவுதான். காசு குடுத்து பாலிசி எடுங்களேன்னு ஈஸியா சொல்லிரலாம், ஏற்கெனவே டயாலிசிஸ்ல இருக்குற பெரியவருக்கு எந்தக் கம்பெனிங்க பாலிசி குடுக்கும்?

அவருக்கு உடனே நிக்காதுன்னு நான் விளக்கிச் சொன்னேன். ஏப்ரல் டு செப்டம்பர் ஒரு காலம், அக்டோபர் டு மார்ச் ஒரு காலம், நடுவுல சம்பளம் ஏறுனாலும் அந்தக் காலம் முடியுற வரைக்கும் கட்டிட்டே போகலாம், செப்டம்பர் 30 வரைக்கும் கட்டுனதுக்கு அடுத்த வருஷம் ஜனவரில இருந்து ஜூன் 30 வரைக்கும் வைத்தியம் பாக்கலாம். சரிங்க மேடம், ஜூலை 1-ம் தேதி அப்பாவுக்கு என்ன பண்றதுன்னு கேட்டாரு. முதலமைச்சர் காப்பீட்டுலயும் டயாலிசிஸ் உண்டு, ஆனா 21,800 வாங்குறவருக்கு 1,20,000 சான்றிதழ் யாரு குடுப்பா, குடுத்தாலும் சம்பள சிலிப்பு பேங்க்ல பேசுமே.

இந்த மாதிரி ஆளுங்களுக்காகத்தான் ஊர்ல பல இடத்துல 20,900-ல சம்பளத்தை நிறுத்திட்டு மீதியை வவுச்சர்ல குடுக்குறாங்க. தப்புதான், தெரியும். வவுச்சர்ல வர்ற காசுக்கு பிஎஃப் இல்ல, போனஸ் இல்ல, நாளைக்கு ஆக்சிடென்ட் ஆனா அந்தக் காசு கணக்குலயே வராது. இருந்தும் தொழிலாளியே வந்து கேட்டு வாங்கிக்கிறாரு. நாட்டுல சம்பளத்தைக் கூட்டிக் கேக்குறதுதான வழக்கம், இங்க கொறைச்சுக் கேக்குறாங்க.

இடையில ஒரு விஷயம், ஓவர்டைம் பத்தி. ஒன்றரை ஷிஃப்ட் ஓட்டி ஓவர்டைம் காசும் சேந்து 21,000-க்கு மேல போயிருச்சு, அதனால ஈஎஸ்ஐ கட் ஆயிருச்சுன்னு சொல்லி சில கம்பெனில ஆளை எடுத்துர்றாங்க. அது தப்புங்க. வரம்பு பாக்கும்போது ஓவர்டைம் காசை சேக்கக் கூடாது, ஆனா 2025 நவம்பர்ல புதுச் சட்டம் வர்ற வரைக்கும் ஈஎஸ்ஐ பிடிக்கும்போது ஓவர்டைம் காசுக்கும் சேத்துப் பிடிச்சாங்க. அதாவது சம்பளம் 18,000, ஓவர்டைம் 5,000-ன்னா 23,000-க்கு பிடிச்சாங்க, ஆனா அவரு உள்ளதான் இருந்தாரு. பீஸ் ரேட்டுக்காரங்களுக்கு இந்தச் சலுகை கிடையாது, அவங்க தைச்சது எல்லாமே சம்பளம்தான். என்ன லாஜிக்னு கேக்காதீங்க.

இப்போ பிஎஃப் பாருங்க. அங்கயும் வரம்பு இருக்கு, 15,000, 2014 செப்டம்பர்ல இருந்து. ஆனா ஒருத்தரு ஒரு தடவை பிஎஃப்ல உறுப்பினர் ஆயிட்டாருன்னா அதுக்கப்புறம் சம்பளம் 20,000 ஆனாலும் 40,000 ஆனாலும் அவரை யாரும் வெளிய அனுப்புறதில்ல, 15,000-க்கு என்ன உண்டோ அதைக் கட்டிட்டு தொடர்ந்து இருக்கலாம். ரெண்டும் ஒரே தொழிலாளர் அமைச்சகத்துக்கு கீழதான வருது. ஈஎஸ்ஐக்கும் அதே மாதிரி, சம்பளம் ஏறுனா ஏறட்டும், 21,000-க்கு உண்டான காசைக் கட்டிட்டு உள்ளயே இருங்கன்னு சொன்னா என்ன கொறைஞ்சு போகும்? தொழிலாளி பங்கு 0.75%, கம்பெனி பங்கு 3.25%, சேந்து மாசம் 840 ரூபா வருது. அரசாங்கம் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷம் முழுசுக்கும் கட்டுறதே 849 ரூபா. ஒருத்தரு மாசம் மாசம் 840 ரூபா கட்டத் தயாரா வந்து நிக்கிறாரு, வேண்டாம் போங்கன்னு கதவைச் சாத்துறோம். ஐயா, நான் கேக்குறது முக்கியமா இந்த ஒண்ணுதாங்க. வரம்பை 25,000, 30,000-ன்னு ஏத்துறது நல்லதுதான், ஏத்தட்டும், ஆனா ஏத்துன வரம்பும் அஞ்சு வருஷத்துல பழசாயிரும். உள்ள வந்தவரை வெளிய அனுப்பாதீங்கன்னு ஒரு வரி சேத்தா தீந்துச்சு.

ஈஎஸ்ஐகிட்ட காசு இல்லைன்னு மட்டும் யாரும் சொல்லிராதீங்க. 2019 ஜூலைல தொழிலாளி பங்கை 1.75%-ல இருந்து 0.75%-ஆவும், கம்பெனி பங்கை 4.75%-ல இருந்து 3.25%-ஆவும் கொறைச்சாங்க. மொத்தத்துல 6.5% வாங்கிட்டு இருந்தது 4% ஆச்சு. காசு பத்தாத இடத்துல வசூலைக் கொறைப்பாங்களா? எங்க ஓனருக்கு அன்னிக்கு ஒரே சந்தோஷம். தொழிலாளி யாரும் கொறைங்கன்னு கேட்டதா எனக்குத் தெரியல, அவங்க கேட்டது டிஸ்பென்சரில டாக்டரு, கவுண்டர்ல மாத்திரை. இன்னொண்ணு, 2024 பிப்ரவரில ஈஎஸ்ஐ கார்ப்பரேஷனே ஒரு முடிவு எடுத்துச்சு, சம்பள வரம்பைத் தாண்டி வெளிய போயி அப்புறம் ரிட்டயர் ஆனவங்க, முன்னாடி அஞ்சு வருஷம் ஈஎஸ்ஐல இருந்திருந்தா, கடைசிச் சம்பளம் 30,000 வரைக்கும் இருந்தவங்களுக்கு வைத்தியம் பாக்கலாம்னு. அதாவது வரம்பைத் தாண்டிப் போனவங்களும் கஷ்டப்படுறவங்கதான்னு அவங்களுக்கே தெரிஞ்சிருக்கு. வயசாகி ரிட்டயர் ஆனப்புறம் கூப்புட்டு சேத்துக்குவாங்களாம், வேலைல இருந்து பணம் கட்டத் தயாரா இருக்குறப்போ சேத்துக்க மாட்டாங்களாம்.

வரம்பைத் தாண்டுனவங்க கதை இப்படின்னா, உள்ளயே வராதவங்க இன்னும் ஜாஸ்தி. பத்துப் பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துக்குத்தான் ஈஎஸ்ஐ கட்டாயம். திருப்பூர்ல ஒரு பனியன் முழுசா உருவாகுறது ஒரே கூரைக்குக் கீழ இல்லைங்கறது உங்களுக்குத் தெரியும், கட்டிங் ஒரு இடம், தைக்கிறது பவர்டேபிள், பிரிண்டிங் வேற, கைமடி, பட்டன் எல்லாம் வீட்டுக்கே போயிரும். அந்தச் சின்ன யூனிட்ல எட்டுப் பேரு, ஒம்போது பேரு. பதினாறு பேரு இருந்தா அண்ணன் பேர்ல ஒரு யூனிட், சம்சாரம் பேர்ல ஒரு யூனிட், நடுவுல ஒரு தட்டி. 2025 நவம்பர்ல அமலுக்கு வந்த புது சமூகப் பாதுகாப்புச் சட்டத்துல பத்துப் பேருக்குக் கீழ இருந்தாலும் ஓனரும் பெரும்பாலான தொழிலாளிகளும் ஒத்துக்கிட்டா சேரலாம்னு இருக்கு. கேக்க நல்லா இருக்கு, எந்த பவர்டேபிள் ஓனருங்க தானா வந்து மாசா மாசம் 3.25% கட்டுறேன்னு கை தூக்குவாரு? பீஸுக்கு 25 பைசா ஏத்திக் கேட்டாலே பெரிய கம்பெனிக்காரங்க ஆர்டரை வேற யூனிட்டுக்கு மாத்திர்றாங்க. அந்தக் காசை ஆர்டர் குடுக்குற பெரிய கம்பெனி, அதுக்கு மேல இருக்குற வெளிநாட்டு பையர், இவங்ககிட்ட இருந்து வாங்குற மாதிரி வழி பண்ணாத வரைக்கும் அந்தப் பிரிவு பேப்பர்லயேதான் இருக்கும். 2025-ல பழைய பாக்கி கேக்க மாட்டோம், வந்து பதிஞ்சுக்கோங்கன்னு ஸ்ப்ரீன்னு ஒரு சலுகை விட்டாங்க. எங்க ஏரியாவுல அதைக் கேள்விப்பட்ட சின்ன யூனிட் ஓனரு ஒருத்தரைக்கூட நான் பாக்கல.

ஈஎஸ்ஐயைப் பத்தி இவ்வளவு நல்லவிதமா எழுதறேனேன்னு படிக்கிறவங்க சிரிப்பாங்க, அதுவும் தெரியும். ஈஎஸ்ஐ மாத்திரை வேலை செய்யாதுங்குறது ஊர் பேச்சு. டிஸ்பென்சரிக்கு ஒரு காய்ச்சலுக்குப் போனா அரை நாள் போயிரும், அரை நாள் கூலிக்கு வெளிய டாக்டரையே பாத்துரலாம்னு நெறைய பேரு போறதே இல்ல. வருஷக்கணக்கா திருப்பூர் தொழிலாளி ஆபரேஷன்னா கோயமுத்தூர் சிங்காநல்லூர் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறிட்டு இருந்தாங்க. இவ்வளவு பேரு பணம் கட்டுற ஊர்ல நூறு படுக்கை ஆஸ்பத்திரிக்கு 2019 பிப்ரவரில அடிக்கல் நாட்டி 2024 பிப்ரவரிலதான் திறந்தாங்க, அடிக்கல் நாட்டுனதும் பிரதமர், திறந்து வெச்சதும் பிரதமர், நடுவுல அஞ்சு வருஷம். இப்போ பரவால்ல, ஆனா நூறு படுக்கை இந்த ஊருக்கு எந்த மூலைக்குப் பத்தும்னு நீங்களே சொல்லுங்க. சேவை சரியில்லைன்னா சரி பண்ணச் சொல்லி கேக்கணும். நல்ல சம்பளம் வாங்குறவங்க, நாலு வார்த்தை எழுத்துல கம்ப்ளைண்ட் குடுக்கத் தெரிஞ்சவங்க எல்லாரையும் வரம்பு போட்டு வெளிய அனுப்பிட்டு ரொம்ப கம்மிச் சம்பளக்காரங்களை மட்டும் உள்ள வெச்சிருந்தா அங்க கேள்வி கேக்குறதுக்கு யாருங்க இருப்பா?

வடக்கத்தி பசங்களைப் பத்தியும் ஒரு வார்த்தை. பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்து எங்ககிட்ட வேலை பாக்குற பசங்களுக்கு இங்க ரேஷன் கார்டு கிடையாது, அதனால நம்ம மாநிலக் கார்டு ஈஸியா வராது. சில பேருக்கு ஊர்ல ஆயுஷ்மான் கார்டு (மத்திய அரசு காப்பீடு) இருக்கு, அது இங்கயும் செல்லும், ஆனா கார்டு ஊர்ல அம்மாகிட்ட பெட்டில இருக்கும். ஈஎஸ்ஐ நம்பர் ஒண்ணுதான் அவங்க எங்க போனாலும் கூடவே போறது, அந்த நம்பரை வெச்சு ஊர்ல இருக்குற பொண்டாட்டி புள்ளைங்களுக்குக்கூட அங்கயே வைத்தியம் பாக்கலாம். இதைச் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்க, பிடிக்கிற காசு கம்பெனி பாக்கெட்டுக்குப் போகுதுன்னே நெனைச்சிட்டு இருக்காங்க.

கடைசியா ஒரு உதவி ஐயா. அரசாங்கம் கேக்குதோ இல்லையோ, நீங்க மனசு வெச்சா உடனே செய்யக்கூடியது. தீபாவளி போனஸ் வாங்கிட்டு கம்பெனி மாறுறது திருப்பூர்ல வழக்கம். ஊருக்குப் போயிட்டு வந்து, ரெண்டு மாசம் சும்மா இருந்து, அப்புறம் வேற இடத்துல சேர்றவங்க ஏராளம். அந்த நடுவுல யாருக்காச்சும் உடம்பு முடியாமப் போனா வேலையை விட்டாச்சு, ஈஎஸ்ஐ போச்சுன்னு நெனைச்சு கடன் வாங்கி தனியார்ல காட்டுறாங்க. போகலைங்க. ஏப்ரல்ல இருந்து செப்டம்பர் வரைக்கும் 78 நாளுக்கு ஈஎஸ்ஐ பிடிச்சிருந்தா போதும், வேலைல இல்லாட்டியும் அடுத்த ஜனவரில இருந்து ஜூன் 30 வரைக்கும் அவருக்கும் குடும்பத்துக்கும் வைத்தியம் உண்டு. அதே மாதிரி அக்டோபர்ல இருந்து மார்ச் வரைக்கும் 78 நாள் இருந்தா ஜூலைல இருந்து டிசம்பர் வரைக்கும். புதுக் கம்பெனில சேரும்போது பழைய ஈஎஸ்ஐ நம்பரையே குடுக்கணும், புது நம்பர் போட விடக் கூடாது, போட்டா பழைய கணக்கெல்லாம் தனியா நின்னுரும். இந்த நாலு வரியை தீபாவளிக்கு முன்னாடி வாரம் திருப்பூர், கோயமுத்தூர், ஈரோடு, கரூர் எடிஷன்ல ஒரு பெட்டிச் செய்தியா போடுங்க, கொஞ்சம் பெரிய எழுத்துல. எங்க கம்பெனி நோட்டீஸ் போர்டுல ஒட்டுறதுக்கு நானே அந்தப் பேப்பரை வாங்கி வெட்டிக்கறேன்.

இப்படிக்கு,
பனியன் கம்பெனி கணக்குப் பிரிவுல வேலை பாக்குற ஒரு வாசகி,
திருப்பூர்.